அஞ்சலையக்காவும் ஏழு நட்சத்திரங்களும்

"எங்க கீது? காட்டும்மா, நானும் பாக்கறேன்."

எங்கள் ஆய்வுக்கூடத்தின் கிழக்கு ஜன்னலருகே நின்றுகொண்டு அஞ்சலையக்கா கேட்டார். முழ நீளத் துணித்துண்டு ஒன்றை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே உயர்த்தியிருந்தார். வெளிர்நீலச் சட்டைத் துணி. ஓரத்தில் சாக்கட்டியால் பதினான்கு என்று எழுதியிருந்தது. பதினான்கு அவருடைய எண். அவர் பார்த்து, பழுது இல்லை என்று அனுப்பிய துணி என்பதற்கு அது அடையாளம்.

நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். பச்சையும் வெள்ளையுமாகப் பட்டை ஓடும் கம்ப்யூட்டர் தாள். துணியில் கையகலப் பரப்பை நூறு கட்டமாகப் பிரித்து, பழுது இருக்கும் கட்டத்தில் மட்டும் ஒரு நட்சத்திரம் அச்சாகியிருக்கும். அந்தத் தாளில் ஏழு நட்சத்திரங்கள் இருந்தன.

"இங்கே" என்று ஒரு இடத்தில் விரல் வைத்தேன்.

அந்த இடத்தை முகத்துக்கு அருகே கொண்டுபோய்க் கண்ணைச் சுருக்கினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவினார். விரல் போய்த் திரும்பியது.

"ஒண்ணும் இல்லியே."

"அடுத்தது இங்கே."

"இங்கயும் இல்லியேம்மா."

ஏழு இடத்திலும் இல்லை. என் கண்ணுக்கும் எதுவும் தெரியவில்லை.

"திங்கக்கெழமையிலேருந்து வராதன்னுட்டாரு மேனேஜரு. இன்னா சார் தப்பு பண்ணேன்னு கேட்டா, நான் சொல்லல, மெஷினு சொல்லுதுன்றாரு. சரி, மெஷினையே கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

சொல்லிவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். மெஷினைத்தான் தேடுகிறார் என்று புரிந்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. இதுதான் என்று காட்டும்படி அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

ஒரு விளக்கு, ஒரு முள், எண்பது அட்டைகள்

நான் கம்ப்யூட்டரோடு வேலை பார்த்தேன் என்று போன வாரம் எழுதியிருந்தேன். "எழுபதுகளிலா? உண்மையாகவா?" என்று கேட்டு வேலூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். உண்மைதான் அம்மா. ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை.

அடையாறு பக்கம், ஆலமரங்களும் பாம்பும் நிறைந்த ஒரு வளாகத்தில் எங்கள் ஆய்வுக்கூடம் இருந்தது. நான் பௌதிகம் படித்துவிட்டுத் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். எங்கள் தலைவர் ராகவன் சார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். துணியின் மேற்பரப்பில் இருக்கும் பழுதை மனிதக் கண் இல்லாமல் கண்டுபிடிக்க முடியுமா என்பது அவருடைய கேள்வி.

செய்கிற விதம் இதுதான். துணியை மேஜைமேல் விரித்துப் படம் எடுப்போம். கழுவிய பிலிமை ஒரு கண்ணாடித் தட்டில் பொருத்துவோம். கீழே ஒரு சிறு விளக்கு. அதன் ஒளி ஊசிமுனை அளவு துளை வழியாக பிலிமை ஊடுருவி மேலே வரும். எவ்வளவு ஒளி வந்தது என்பதை ஒரு முள் காட்டும். இருட்டு என்றால் பூஜ்யம், முழு வெளிச்சம் என்றால் ஒன்பது. எண்ணை எழுதிக்கொண்டு, திருகைச் சற்றே திருப்பி, அடுத்த புள்ளி. ஒரு வரிசைக்கு எண்பது புள்ளிகள். அப்படி எண்பது வரிசைகள்.

ஒரு படத்தைப் படித்து முடிக்க ஒரு முழு நாள் ஆகும். நான் முள்ளைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, உடன் வேலை பார்த்த பெண் எழுதுவாள். மதியத்துக்கு மேல் அவள் சொல்ல, நான் எழுதுவேன். வீட்டுக்குப் போனபின்னும் காதுக்குள் "நாலு, நாலு, அஞ்சு, நாலு" என்று ஓடிக்கொண்டிருக்கும். அம்மா ஒருநாள் சாதம் போடும்போது "போதுமா?" என்று கேட்டதற்கு "அஞ்சு" என்றேன்.

ஒரு வரிசைக்கு ஓர் அட்டை. எண்பது அட்டைகளிலும் எண்களைத் துளைகளாக இட்டு, செருப்புக்கடை அட்டைப்பெட்டியில் அடுக்கி, பஸ்ஸில் எடுத்துப் போவேன். கம்ப்யூட்டர் வேறொரு வளாகத்தில், குளிரூட்டிய அறையில் இருந்தது. ஒருமுறை அடையாறு பாலத்துக்குப் பக்கத்தில் பஸ் குலுங்கி எண்பது அட்டைகளும் காலடியில் சிதறிவிட்டன. பஸ்ஸில் பாதிப் பேர் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். "சீட்டு மாதிரி கீது, ஆடத் தெரியலியே" என்றார் கண்டக்டர். அடுக்கிய அட்டைகளின் மேல்விளிம்பில் நான் பென்சிலால் மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். கோடு நேராகச் சேரும்வரை அடுக்கினால் வரிசை சரியாகிவிடும். அந்தக் கோடு அன்று என் மானத்தைக் காப்பாற்றியது.

கம்ப்யூட்டர் என்ன செய்யும்? நெசவுக்கு என்று ஒரு சீரான ஏற்ற இறக்கம் உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் அது மற்ற கட்டங்களைப் போலவே இருக்கிறதா என்று கணக்குப் போட்டுப் பார்க்கும். மாறியிருந்தால் நட்சத்திரம் போடும். நூல் அறுந்த இடம், முடிச்சு விழுந்த இடம், எண்ணெய்க் கறை எல்லாம் இப்படி மாட்டும்.

சோதனைக்குத் துணி கொடுத்தவர்கள் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தார். மயிலாப்பூர் பக்கம் ஒரு பழைய பங்களாவின் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, கப்பலுக்குப் போகும் துணியைப் பிரித்துப் பார்க்க இருபது பெண்களை வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் நொச்சிக்குப்பத்து அஞ்சலையக்கா. அவர் பார்த்து அனுப்பிய துணியில் எங்கள் கம்ப்யூட்டர் ஏழு நட்சத்திரம் போட்டது. ராகவன் சார் உற்சாகத்தில் அந்தத் தாளின் நகலை நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தார். மேலாளர் அதை அஞ்சலையக்காவின் முன்னால் விரித்துவிட்டார்.

"கண்ணு அவிஞ்சி பூட்சா?"

அக்காவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கலாம். என்னை விடப் பதினைந்து வயது மூத்தவர். கோபமாக வந்திருப்பார் என்று நினைத்தேன். கோபமில்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

"பன்னெண்டு வருசமா துணி பாக்கறேன். ஒரு துணி திரும்பி வந்ததில்ல. வூட்டுக்காரரு கடலுக்குப் போயி திரும்பாதப்பக்கூட, மூணு நாளு கழிச்சி வந்து ஒக்காந்து பாத்தேன். இப்ப இவரு சொன்னதும் எனக்கே சந்தேகமா பூட்ச்சும்மா. மெய்யாலுமே கண்ணு அவிஞ்சி பூட்சா? நேத்து ராத்திரி வூட்ல அரிசிய கொட்டி கல்லு பொறுக்கிப் பாத்தேன். கண்ணு நல்லாத்தான் கீது."

உள்ளே போய் ராகவன் சாரிடம் சொன்னேன். அவர் வெளியே வந்து, மரியாதையாகவே பேசினார்.

"கண்ணுக்குத் தெரியாததைக் கண்டுபிடிக்கத்தான்மா இந்த ஏற்பாடு. உங்க மேல தப்பில்லை. மனுஷக் கண்ணுக்கு ஓர் எல்லை இருக்கு."

"கண்ணுக்குத் தெரியாத பழுதுன்னா, சட்டைய போடறவன் கண்ணுக்கு மட்டும் எப்டி சார் தெரியும்?" என்று அக்கா கேட்டார்.

சார் சிரித்தார். அக்கா துணியை மடித்து, மடிப்பை உள்ளங்கையால் நீவி, மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் சார் என்னிடம், "அடுத்த மாசம் டில்லியிலேருந்து பணம் ஒதுக்கற கமிட்டி வரது. அந்த ஏழு இடத்தையும் பெரிசாக்கிப் பிரின்ட் போட்டு வை. கண் பார்க்காததை மெஷின் பார்த்ததுன்னு காட்டணும்" என்றார்.

பிலிமை உறையில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். எங்கே போவது என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை.

என் கன்னமும் ஜுபைதாவின் பென்சிலும்

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டியிருக்கிறது.

எனக்கு ஆறு வயதில் பெரியம்மை வந்தது. பிழைத்தேன். இரண்டு கன்னத்திலும் தழும்பு தங்கிவிட்டது. மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் என்னைப் போல் நாலைந்து பேர் இருந்ததால் சிறு வயதில் அது பெரிதாக உறுத்தவில்லை. கல்யாணத்துக்குப் படம் எடுக்கும் வயது வந்தபோதுதான் வீட்டில் பேச்சு மாறியது.

"லஸ்ஸுக்குப் பக்கத்துச் சந்துல ஒரு ஸ்டூடியோ இருக்காம். டச்சப் நன்னா பண்றாளாம்" என்று யாரோ அம்மாவிடம் சொல்ல, அங்கே அழைத்துப்போனாள்.

படம் எடுப்பவர் ஒரு முஸ்லிம் இளைஞர். உருது பேசும் குடும்பம், மூன்று தலைமுறையாக மயிலாப்பூர்வாசிகள். படத்தைச் சரிசெய்வது அவருடைய தங்கை ஜுபைதா. என் வயதுதான் இருக்கும். கடையின் உள்ளறையில், சாய்வான கண்ணாடிப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். பலகைக்கு அடியில் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி ஜன்னல் வெளிச்சத்தை வாங்கி மேலே அனுப்பும். பிலிமைப் பலகையில் வைத்து, ஊசி போலச் சீவிய பென்சிலால் தழும்பை ஒவ்வொன்றாக நிரப்புவாள். ஊரில் எத்தனையோ பெண்களின் அம்மைத் தழும்பையும் வெட்டுக்காயத்தையும் அவள் பென்சில் மூடியிருக்கிறது.

அன்று அவள் என்னிடம் மெல்லக் கேட்டாள்: "எவ்வளவு எடுக்கட்டும்?"

அப்படி ஒரு கேள்வியை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அம்மா முந்திக்கொண்டு "எல்லாத்தையும் எடுத்துடும்மா" என்றாள். படம் வந்தது. பளிங்குபோல ஒரு கன்னம். படத்தைப் பார்த்துவிட்டு ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. என்னைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள், சொஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மறுவாரம் நானாகவே ஸ்டூடியோவுக்குப் போய், "டச் பண்ணாம ஒரு காப்பி போடுங்க" என்றேன். ஜுபைதா ஒன்றும் கேட்காமல் போட்டுக் கொடுத்தாள். கிளம்பும்போது மட்டும், "இதுல சிரிப்பு உங்களுது. அதுல நான் கன்னத்தை ரொப்பினப்போ சிரிப்பும் கொஞ்சம் போயிடுச்சு, மாஃப் பண்ணுங்க" என்றாள். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள். பிற்பாடு என்னைக் கட்டிக்கொண்டவர் டச் பண்ணாத அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வந்தார் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

தழும்புள்ள முகத்தோடு, நாள் முழுக்கத் துணியின் தழும்பைத் தேடுகிற வேலை. இதை அப்போது நான் பெரிதாக யோசித்ததில்லை. இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

"இதை டச் பண்ணிடவா?"

வியாழக்கிழமை சாயங்காலம். பஸ்ஸை விட்டு இறங்கி ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் ஜுபைதா டீ சொல்லி அனுப்பினாள். நான் பிலிமைக் கொடுத்து, பெரிதாக்கிப் பிரின்ட் வேண்டும் என்றேன்.

அவள் பிலிமைப் பலகையில் வைக்கவில்லை. விளிம்பைப் பிடித்து, ஜன்னல் பக்கம் சாய்த்து, நுனிக்கண்ணால் பார்த்தாள்.

"பிரின்ட் போடறதுக்கு முன்னாடி இந்தப் புள்ளிங்களை டச் பண்ணிடவா பத்மா?"

"எந்தப் புள்ளி?"

"இதோ, வட்டம் வட்டமா இருக்கே. ஒண்ணு, ரெண்டு..." அவள் எண்ணிக்கொண்டே போனாள். "ஏழு இருக்கு."

என் கையில் டீ டம்ளர் இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று இன்றும் நினைவில்லை.

"அது துணியில இருக்கற பழுது ஜுபைதா."

"துணியா? இல்லவே இல்ல. இப்படி வாங்க." என் தலையைத் தன் தலையோடு சேர்த்துவைத்து, பிலிமை மறுபடி சாய்த்தாள். "நேரா பார்த்தா துணியோட சேர்ந்து தெரியும். சாய்ச்சுப் பாருங்க. பளபளன்னு இருக்கற பக்கத்துல மேலாப்புல நிக்குது. தண்ணி காஞ்ச தழும்பு. எந்தத் தண்ணில கழுவினீங்க?"

எந்தத் தண்ணீரில் கழுவினேன்!

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஊரெங்கும் குழாயில் காற்றுதான் வந்தது. ஆய்வுக்கூடத்தில் குடிக்கிற தண்ணீருக்கே இரண்டு பானை. பிலிம் கழுவ மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு ஜாடியில் வைத்திருப்போம். அந்த வாரம் அது தீர்ந்துபோயிருந்தது. வரும்வரை காத்திருந்தால் இரண்டு நாள் போய்விடும் என்று, வளாகத்து ஆழ்கிணற்றுத் தண்ணீரில் அலசித் தொங்கவிட்டேன். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கிற தண்ணீர். பிலிமில் நின்ற ஏழு சொட்டும் காய்ந்து, ஏழு உப்பு வட்டமாகியிருந்தன.

கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. கொடுத்த எண்களில் இருந்ததைச் சொன்னது. அந்த எண்களுக்குள் உப்பைக் கரைத்துவிட்டவள் நான்.

"ஏன் இப்படி வெளுத்துப் போயிட்டீங்க?" என்றாள் ஜுபைதா.

சொன்னேன். அஞ்சலையக்கா அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கிப் பார்த்ததையும் சொன்னேன். அவள் பிலிமை வாங்கி உறையில் போட்டு என் கையில் திணித்தாள்.

"பிரின்ட் வேணாம். இதை அப்படியே எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க. சாய்ச்சுக் காட்டணும், மறந்துடாதீங்க."

வெள்ளியும் சனியும்

வெள்ளிக்கிழமை காலை ராகவன் சாரின் அறைக்குள் போய், கதவைச் சாத்தி, பிலிமைச் சாய்த்துக் காட்டினேன். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் முகம் இறுகிவிட்டது.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஸ்டூடியோவுல ஜுபைதாவுக்குத் தெரியும் சார். இப்ப உங்களுக்கு."

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "பத்மா, மூணு வருஷ உழைப்பு. கமிட்டி இதைக் கேள்விப்பட்டா கதவைச் சாத்திட்டுப் போயிடுவா. உன் வேலையும் இதோடதான் இருக்கு. கமிட்டி வந்துட்டுப் போகட்டும். அப்புறம் நானே அந்த மேனேஜருக்கு எழுதறேன்."

"கமிட்டி வர மூணு வாரம் இருக்கு சார். அவங்களைத் திங்கக்கிழமையிலேருந்து வராதேன்னு சொல்லியிருக்காங்க."

"எனக்குத் தெரியாதா?"

"அவங்க கண்ணையே அவங்க சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டாங்க சார்."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ போய் வேலையைப் பார்" என்றார் கடைசியில்.

அன்று எந்த வேலையும் ஓடவில்லை. எங்கள் வீட்டில் அப்பா ஓய்வு பெற்று ஆறு மாதமாகியிருந்தது. தம்பி கல்லூரியில். என் வேலை போனால் என்ன ஆகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் சனிக்கிழமை காலையில் அம்மாவிடம் எதுவும் சொல்லாமல், பிலிமையும் அந்த நீலத் துணியையும் எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் பஸ் ஏறினேன். மேலாளரிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் வாய்க்குள் ஒத்திகை பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன்.

பங்களா வாசலில் ராகவன் சாரின் ஸ்கூட்டர் நின்றிருந்தது.

உள்ளே மேலாளர் மேஜைக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் திகைத்து, பிறகு "வா, பிலிம் கொண்டு வந்திருக்கியா? நல்லதாப் போச்சு" என்றார், வரச்சொல்லியிருந்தவரைப் போல.

மேலாளர் லேசில் இறங்கவில்லை. "நீங்கதானே சார் மெஷின் தப்பு பண்ணாதுன்னு சொன்னீங்க? இப்ப மெஷின் தப்புன்னு நான் போய் இருபது பொம்பளைங்க முன்னாடி சொல்லணுமா?"

"மெஷின் தப்பு பண்ணலை. தப்பு எங்களோடது. நீங்க சொல்ல வேண்டாம், நானே சொல்றேன். எழுதியும் தரேன்."

சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து வைத்தார். வீட்டிலேயே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

கொட்டகைக்குள் போனோம். இருபது பெண்களும் தலைநிமிர்ந்தார்கள். கடைசி வரிசையில் அஞ்சலையக்கா. திங்கட்கிழமை முதல் வேலை இல்லை என்று சொன்ன பிறகும், சனிக்கிழமைத் துணியை ஒரு மடிப்பு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சார் அவருக்கு எதிரே போய் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அம்மா, உங்க துணியில பழுது இல்லை. எங்க பிலிம்லதான் இருந்தது. உங்க கண்ணுக்கு ஒரு எல்லை உண்டுன்னு சொன்னேன். அதுக்கு மன்னிக்கணும்."

கழுவினது நான்தான் என்று நானும் சொன்னேன். சத்தமாகச் சொல்ல நினைத்தேன், முனகலாகத்தான் வந்தது.

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முந்தானையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்தார். "அப்ப கண்ணு நல்லாத்தான் கீது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ இன்னாத்துக்கும்மா அழுவுற? உப்புத் தண்ணில தோச்சா எங்கூட்டுத் துணிலயும்தான் வெள்ளையா பூக்குது" என்றார். பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "திங்கக்கிழமை வழக்கம்போல வந்துடும்மா" என்றார் பின்னால் நின்ற மேலாளர்.

ஸ்கூட்டரை எடுக்கும்போது சார் மெதுவாகச் சொன்னார்: "நேத்து ஆத்துக்குப் போனப்புறம் சாப்பாடே எறங்கலை பத்மா."

துணியைத் திருப்பிப் போடு

அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கதையை இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன்.

அன்றே, கொட்டகையை விட்டுக் கிளம்புமுன், அக்கா எப்படித் துணி பார்க்கிறார் என்று சார் பக்கத்தில் நின்று கவனித்தார். அக்கா ஒரு இடத்தைப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் துணியைக் கால்வட்டம் திருப்பிப் போட்டு மறுபடி பார்ப்பார்.

"ஏன்மா திருப்பறீங்க?"

"மேல தகரத்துல ஓட்டை கீது சார். வெயில் பொட்டுப் பொட்டா துணி மேல வுழும். கறை மாதிரியே இருக்கும். துணிய திருப்புனா கறைன்னா கூடவே திரும்பும். வெயிலுன்னா அங்கியே நிக்கும்."

சார் என்னைப் பார்த்தார். நான் சாரைப் பார்த்தேன். மூன்று வருஷமாக எங்களுக்குத் தோன்றாதது அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

திங்கட்கிழமையே தொடங்கினோம். ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு படம். முதல் படம் எடுத்ததும் துணியைக் கால்வட்டம் திருப்பி இரண்டாவது படம். துணியின் பழுது இரண்டாவது படத்தில் துணியோடு சேர்ந்து திரும்பியிருக்கும். பிலிமின் கறைக்கும் விளக்கின் குறைக்கும் திரும்பத் தெரியாது. இரண்டிலும் ஒத்துப்போகிற நட்சத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும்படி கம்ப்யூட்டருக்கு எழுதினேன். வேலை இரட்டிப்பானது. கண் எரிந்தது. டிஸ்டில்டு வாட்டர் ஜாடியை நான் தினமும் காலையில் போய்ப் பார்த்துக்கொண்டேன்.

சோதனைக்கு ஆறு துண்டுகளை அஞ்சலையக்காவே பொறுக்கிக் கொடுத்தார். எதில் பழுது இருக்கிறது என்று எங்களிடம் சொல்லவில்லை. "சொன்னா பரீட்சையா அது?" என்றார்.

கமிட்டி வந்த அன்று ராகவன் சார் உப்புத் தண்ணீர்க் கதையிலிருந்தே தொடங்கினார். நான் மேஜைவிளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஆறு தாள்களையும் விரித்தார். நாங்கள் வரவழைத்திருந்த அஞ்சலையக்கா ஆறு துண்டுகளையும் எடுத்து விடை சொன்னார். மூன்றில் பழுது. அதில் இரண்டை எங்கள் கணக்கு கண்டுபிடித்திருந்தது. குறுக்கே ஓடும் ஊடை நூல் சற்றே தளர்ந்திருந்த மூன்றாவதைத் தவறவிட்டிருந்தது. நல்ல துணி மூன்றின் மேலும் ஒரு நட்சத்திரம்கூட விழவில்லை.

டில்லிக்காரர்களில் மூத்தவர் அந்த மூன்றாவது துண்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. அக்கா அவர் கட்டைவிரலைப் பிடிக்காத குறையாக, "இங்க சார், ரவகூட அழுத்தாம தடவுங்க" என்றார். அவர் தடவினார். புருவம் உயர்ந்தது.

இன்னும் ஒரு வருஷம் நடத்தலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்கு வேலை நிலைத்தது. அந்த ஒரு வருஷம் இரண்டானது. பிறகு அந்தத் திட்டம் முடிந்துபோனது. அதற்காக எனக்கு வருத்தம் எதுவுமில்லை. அங்கே கற்றுக்கொண்டதை வைத்துத்தான் அடுத்த முப்பது வருஷம் சம்பாதித்தேன். எந்த முடிவு கைக்கு வந்தாலும், திருப்பிப் போட்டு ஒருமுறை பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை.

நன்றி சொல்லும் பக்கம்

திட்டத்தின் முதல் அறிக்கையை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கட்டினோம். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்வது வழக்கம். பெரிய மனிதர்களின் பெயர்களுக்குக் கீழே இரண்டு பெயர்களை நான் எழுதிவைத்தேன். சார் படித்துப் பார்த்துவிட்டு, "மேல போடு" என்றார். ஜுபைதாவும் அஞ்சலையும் முதல் வரிக்குப் போனார்கள்.

ஜுபைதா தன் பிரதியைக் கடையின் கண்ணாடி அலமாரியில், மாலையும் கழுத்துமாக நிற்கும் கல்யாணப் படங்களுக்கு நடுவே, அந்தப் பக்கம் தெரியும்படி திறந்து வைத்தாள். வருகிறவர்கள் என்னவென்று கேட்டால் அவள் அண்ணன்தான் பெருமையாக விளக்குவார்.

அஞ்சலையக்காவுக்கு அவருடைய பிரதியைக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நொச்சிக்குப்பம் போனேன். சாலையோரத்தில் அவர் தங்கை மீன் விற்றுக்கொண்டிருந்தார். ஞாயிறு என்றால் அக்காவும் கூட உட்காருவது வழக்கம். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையைக் கழுவி, புடவையில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டார்.

"எது என் பேரு?"

காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. பெயருக்கு அடியில் விரலை மெல்ல ஓட்டினார். பக்கத்துக் கூடைக்காரிகள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா அறிக்கையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். கண்ணைச் சுருக்கினார்.

"யம்மா, இந்த எழுத்து மட்டும் தல ஒடஞ்சிகீது பாரு. இங்க. தோ, இங்கயும். எல்லாத்துலயும்."

குனிந்து பார்த்தேன். ஆங்கிலத்தின் முதல் எழுத்து. தட்டச்சு இயந்திரத்தில் அந்த அச்சு தேய்ந்திருக்கவேண்டும். பக்கம் முழுக்க, அந்த எழுத்து வந்த இடமெல்லாம் உச்சி உடைந்திருந்தது. ராகவன் சார், நான், என்னோடு வேலை பார்த்த பெண், மூவருமாக அந்த அறிக்கையை நான்கு தடவை சரிபார்த்திருந்தோம். ஒருவர் கண்ணிலும் படவில்லை.

"வேற அடிச்சுக் கொண்டு வந்து தரட்டுமா அக்கா?"

"படிக்க வருதா உனுக்கு?"

"வருது."

"அப்ப பழுதுல சேராது, வுடு" என்றார். அறிக்கையை மூடித் தங்கையிடம் நீட்டினார். "ஈரம் படாத எடமா பாத்து வையி."